அட்டையில் கோர்த்த நாடகம்

பிள்ளையார்பாளையத்தில், தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டைகளைக் கோர்ப்பதில் அம்சாவின் கைக்குத் தனி மரியாதை உண்டு. சேலை டிசைனைப் பார்த்து அண்ணன் தர்மன் அட்டைகளில் துளை குத்துவான். அவள் அவற்றை வரிசை மாறாமல் நூலால் கோர்த்துத் தறிக்கு அனுப்புவாள். அறுபத்தொன்பதாம் வருஷம், அந்த வேலைக்கு நடுவிலேயே அவள் ஒரு நாடகம் எழுதி முடித்தாள்.

அவள் தெருவில் நாடக மன்றம் நடத்தியவர் கோதண்டபாணி. டைப்ரைட்டிங் வகுப்பும் அவருடையதுதான். "மெட்ராஸ் நாடகக் கம்பெனியில எல்லாம் டைப் அடிச்ச காப்பிதான்மா," என்று கார்பன் வைத்து அவரே அடித்துக் கொடுத்தார். தன் எழுத்துக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து விரல் நோகத் தட்டியதை நினைத்து அம்சா பூரித்துப் போனாள். ஆனால் ஒத்திகை பார்க்கப் பார்க்க, சண்டைக் காட்சி கல்யாணத்துக்கு முன்னால் வந்தால் தேவலை என்று பட்டது. மாற்றினாள். அவரும் முகம் சுளிக்காமல் மறுபடி அடித்தார். அவள் மறுபடியும் மாற்றினாள். ஒத்திகையில் பழைய தாள் ஒருவர் கையில், புதுத் தாள் இன்னொருவர் கையில். மாமனார் வெளியே போகச் சொல்கிறார். மருமகனோ, "ரொம்ப சந்தோஷம் மாமா," என்கிறான்.

கோதண்டபாணிக்கே பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை ஒத்திகை ஒழுங்கா வந்தா உன் நாடகம். இல்லேன்னா திருவிழாவுக்குப் பழைய புராண நாடகமே இருக்கட்டும்மா."

டைப் தாளை வைத்துக்கொண்டு ஒரு காட்சியை நகர்த்தினால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். அட்டை அப்படியில்லை; நூலை அவிழ்த்து, வேண்டிய இடத்தில் கோர்த்தால் போதும். துளை குத்தாத அட்டைகளைத் தர்மனிடம் கேட்டு வாங்கி, அட்டைக்கு ஒருவர் பேச்சாக எழுதினாள். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கும் சாமுவேல், அந்தச் சரத்தை ஒரு கொம்பில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நூல் பிடித்தாற்போல வந்தது. கடைசிக் காட்சியில் அப்பா வேஷம் போட்ட பஞ்சாட்சரம் செத்து விழுந்தார். எல்லோரும் அழுதார்கள். சாமுவேல் அடுத்த அட்டையைத் தள்ளிப் படித்தார். பஞ்சாட்சரம் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, இன்னும் சோறு ஆவலியா?" என்றார்.

அது முதல் காட்சியின் முதல் வசனம். தறியில் டிசைன் திரும்பத் திரும்ப வருவதற்காகக் கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். கைப்பழக்கத்தில் அம்சா நாடகத்தையும் அப்படியே முடிந்து வைத்திருந்தாள்.

"ஏன் சாமுவேலு, கருமாதி சோத்தையே கேக்கறானாபா அவன்?" என்றார் கோதண்டபாணி.

"அட்டையில அப்படித்தான் இருக்குதுண்ணா. நான் இன்னா பண்ணுவேன்?"

அம்சா சரத்தின் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதாண்ணா," என்று குரல் இறங்கச் சொன்னாள். கோதண்டபாணி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவன் எழுந்துக்கற வரைக்கும் ஒரு வசனங்கூடத் தப்பலியேம்மா. அந்த முடிச்ச மட்டும் அறுத்துடு. திருவிழாவுக்கு இதான்."

திருவிழா அன்று மைக்கில், "கதை, வசனம்: பிள்ளையார்பாளையம் அம்சா," என்றார்கள். மேடையோரம் நின்றிருந்தவள் கைகூப்பினாள். டைப் அடித்தவருக்கா, அட்டை தள்ளுகிறவருக்கா, அட்டை கொடுத்த அண்ணனுக்கா, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கூப்பிய கையோடு பந்தல் முழுக்க ஒரு தரம் திரும்பினாள்.