வராத நான்கு மணியும் ஜமாலுதீன் சாரும்

சென்ற வாரம் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் போன் செய்தார். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். "நம்ம ஜமால் சாரு பூட்டாரும்மா. காலையில நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். அந்த 'நம்ம' தான் என்னை முதலில் உலுக்கியது. ஜமாலுதீன் சார் எங்கள் ஆள் இல்லை. எங்களைச் சோதிக்க வந்தவர்.

பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தொழிற்பேட்டை ஆலைகள் மாசு விதிகளை மதிக்கின்றனவா என்று பார்க்கும் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தார். நான் வேதியியல் பட்டதாரி. இரும்புக் கம்பிகளை அமிலத்தில் கழுவும் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். அமிலத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து அதன் அமிலத்தன்மையை முறித்த பிறகே வெளியே விட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஆலை நடத்த அரசு தந்த இசைவாணையில் அப்படித்தான் இருந்தது.

அரசு ஜீப் வந்தால் கேட்டில் பத்து நிமிடம் நிறுத்திவைப்பது எங்கள் ஆலையின் வழக்கம். செக்யூரிட்டி பெயரும் காரணமும் நிதானமாகக் கேட்டு எழுதுவார். அதற்குள் ஏகாம்பரம் ஓடிப்போய், நிறுத்திவைத்திருந்த கழிவுநீர் மோட்டார்களைப் போட்டுவிடுவார். நான் ஜமாலுதீன் சாரை முதன்முதலாகப் பார்த்த அன்று, அவர் நேராக மோட்டாரிடம் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னா ஏகாம்பரம், காலையிலேர்ந்து ஓடுதா?"

"ராப்பகலா ஓடிக்கினுதான் கீது சார்."

"ராப்பகலா ஓடுனா ஜுரம் மாதிரி சுடணுமே. இது இப்பதான் குளிச்சிட்டு வந்த புள்ள மாதிரி ஜில்லுனு இருக்குதே!"

ஏகாம்பரம் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதை அறிக்கையில் எழுதினார்.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு மாதமானபோது என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆலைக்குப் பின்னாலிருந்த ஊரில் குடியிருந்தோம். நடந்தால் கால் மணி நேரம். பன்னிரண்டு மணி அளவை எழுதும்போதே இரண்டு மணி, நான்கு மணிக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவேன். எப்படியும் எல்லாக் கட்டத்திலும் 'ஏழு'தான். அமிலம் இல்லாத தண்ணீருக்கு உரிய எண் அது. மேனேஜர் போடச் சொன்ன எண்ணும் அதுதான். சுண்ணாம்பு கலக்கும் பம்பு கெட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒருநாள் நான் திரும்பி வந்தபோது ஜீப் உள்ளே நின்றது. சாரின் மடியில் பதிவேடு. பக்கத்தில் மேனேஜர்.

"இப்ப மணி இன்னாம்மா?"

"ஒன்னே முக்கால் சார்."

"அப்போ நாலு மணி எப்ப வந்துச்சு?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு புள்ளைக்குப் பால் குடுக்க ஓடிடுது சார். எல்லாம் இதோட தப்பு. நாங்க ஆக்‌ஷன் எடுத்துர்றோம்."

சார் எழுந்து போய், வெளியேறும் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தார். எங்கள் கண்ணெதிரே அது சிவந்தது. இரண்டு கேன்களில் தண்ணீர் பிடித்து அரக்கு வைத்தார். பிறகு அறிக்கையை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க செஞ்சது தப்பும்மா. எழுதிட்டேன், மாத்த மாட்டேன். ஏன் அப்படி ஆச்சுன்னு நீங்க சொல்ல நினைச்சா, கீழ இடம் இருக்குது."

"வேலை போயிடும் சார்."

"போகலாம். போகாதுன்னு நான் சொல்ல முடியாது."

"யோசிச்சு எழுதும்மா," என்றார் மேனேஜர். "வூட்டுக்காரரு வேலை தேடிக்கினு கீறாரு, ஞாபகம் வெச்சுக்க."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நினைவுக்கு வந்தது. இதே தண்ணீர்தான் அங்கே போகிறது. பம்பு ஓடாததை எழுதினேன். யார் சொல்லி ஏழு போட்டேன் என்பதை எழுதினேன். முன்கூட்டியே நிரப்பியது என் குற்றம் என்றும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிக்கையின் பேரில் ஆலைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். எனக்கு வேலை போனது. பஸ் ஸ்டாப்பில் ஏகாம்பரம் என்னை மறித்தார். "உன் புள்ளைக்குப் பால் குடுக்க ஓடுனியே, இப்ப எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு யாரு குடுப்பா?" அழுதபடியே சாருக்குப் போன் போட்டேன். "உங்களுக்கென்ன சார், ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துடும்!"

"ஆமாம்மா. எனக்கு வந்துடும்" என்றார். ஆறுதலாக ஒரு சொல் இல்லை. என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். பொய்யாக ஒரு சொல்லும் சொல்லத் தெரியாதவர் என்று இப்போது நினைக்கிறேன்.

பம்பைச் சரிசெய்த பிறகு ஆலை திறந்தது. ஏகாம்பரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது, எனக்கு இல்லை. அடுத்த மாதம் சார் எங்கள் தெருவுக்கு வந்து, அடிபம்பைத் தாமே அடித்துப் சோதனைக்காகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

"குழந்தைக்கும் இந்தத் தண்ணிதானா?"

"நல்லாக் கொதிக்க வெச்சுதான் சார் குடுக்கிறேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அமிலத் தண்ணியில கரைஞ்சு வர்றது கொதிச்சா சாவுற கிருமி இல்லம்மா, உலோகம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் குறையும், அது குறையாது."

படித்தது வேதியியல், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சார் என்னைக் கடியவில்லை. "நானும் ஆலைக்குள்ளயே பார்த்துக்கினு இருந்துட்டேன். முன்னாடியே தெருவுக்கு வந்திருக்கணும். இது என் தப்பு" என்றார். தம் அறிக்கையிலும் அதை அப்படியே எழுதியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மேலதிகாரிகள் அதற்காக அவரைச் சும்மா விடவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது.

மகனின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்னைத் தூங்கவிடுவதில்லை.

போன மாதம் கால்வாய் மறுபடியும் மஞ்சளாக ஓடத் தொடங்கியது. சென்ற வாரம்தான் சாரிடம் சொன்னேன். "திங்கக்கிழமை வரேம்மா" என்றார். அதற்கு முன் சனிக்கிழமையே அவரைப் பழவேற்காட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஏகாம்பரமும் நானும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம்.

இன்று காலை கால்வாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் நானே பிடித்து வந்தேன். மகனுக்கு எட்டாமல் பரண்மேல் வைத்திருக்கிறேன். அவன் கீழே நின்று, "ஜூஸா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாளைக்கு மனுவோடு அதை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்குப் போகிறேன், சார். உங்கள் நாற்காலியில் யார் இருந்தாலும் அவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.