பாயில் உட்காராத மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் ஆனதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது ஒரு குழாய்ப் பேண்ட்டுக்கு. ஜாதகத்துக்கோ தரகருக்கோ அல்ல. இதைச் சொன்னால் என் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செஞ்சி கடைத்தெருவில் நைனாவுக்கு ஜவுளிக்கடை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபதுகளின் நடுவில், மல்லு வேட்டியும் நூல் புடவையும் அடுக்கியிருந்த அலமாரியில் டெரிலினும் நைலானும் வந்து இடம் பிடித்தன. கூடவே கம்பெனிக்காரர்கள் இரண்டு படங்கள் கொடுத்தார்கள். ஒன்றில் நைலான் புடவை கட்டிய பெண். அவளுடைய முந்தானை எப்போதும் பறந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர்ச் சித்திரையில் அவளுக்கு மட்டும் எங்கிருந்து காற்று வந்ததோ தெரியாது. இன்னொன்றில் காலோடு ஒட்டிய டெரிலின் பேண்ட் போட்ட ஆண், ஒரு காரில் சாய்ந்து நிற்பான். அவன் உட்கார்ந்த படத்தைக் கம்பெனி அனுப்பவே இல்லை. ஏன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நைனா வியாபாரத்தில் கெட்டிக்காரர். துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்து, வாங்க வந்தவர் முகத்துக்கு நேரே விரிப்பார். "பாருங்க, கசங்கல. தொவைச்சி ஒதறிப் போட்டாப் போதும். இஸ்திரிப் பொட்டியே வேணாம்." எல்லாம் உண்மைதான். அது வியர்வையை உறிஞ்சாது என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பேண்ட் தைத்துக்கொண்டவன் என் அண்ணன். சாம்பல் நிறம், நடுநடுவே மெல்லிய கோடு. அதைப் போட்டுக்கொண்டு சிநேகிதர்களோடு ராஜகிரி ஏறினான். பாதி மலையில் பின்பக்கத் தையல் விட்டுப்போய், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். தைத்துப் போட்ட பிறகும் அவன் அந்தப் பேண்ட்டோடு இருந்தால் சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். ஏன் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நைனாவிடம் சொன்னால், நம் சரக்கை நீங்களே குறை சொல்கிறீர்களா என்று குதிப்பார்.

அதுவரை என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று போனவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று கடைத்தெரு வரைக்கும் பேச்சு. எனக்குக் கீழே தங்கை வேறு வளர்ந்து நின்றாள். சிங்கவரத்திலிருந்து அந்த இடம் வந்தபோது, "இதுவும் தட்டிப்போச்சின்னா ஒன்னியும் கரையேத்த முடியாது, அவளையும் கரையேத்த முடியாது" என்று அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பையன் ஒரு ஆபீசில் குமாஸ்தா.

அன்றைக்கு நைனா எனக்காகக் கடையிலிருந்து சிவப்பு நைலான் புடவை எடுத்து வந்தார். "நம்ம சரக்க நாமளே கட்டலன்னா ஊர்ல யாரு கட்டுவாங்க?" அதைக் கட்டிக்கொண்டதும் அம்மா என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு நைலான் முந்தானையில் நெருப்புப் பட்டு, துணி உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவள் அவள். அதனால் பெண் போட்ட பஜ்ஜி என்று வைக்க வேண்டியதை அம்மாவே போட்டாள். நான் உள்ளே உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினேன். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறைகள் சாயங்காலம் வெக்கையை ஊர் மேல்தான் விடும். புடவையோ என் மேலிருந்த வெக்கையை வெளியே விடுவதாக இல்லை. படத்தில் இருந்தவளை மனசாரத் திட்டினேன்.

ஜன்னல் வழியாக அவர்கள் வருவதைப் பார்த்தேன். பெரியவர்கள் மாட்டு வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளை சைக்கிளோடு வந்தார், ஆனால் அதில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில், முழங்கால் வலிக்காரரான அவருடைய தாய்மாமன் உட்கார்ந்தார். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நின்றார்.

"உக்காருங்க மாப்பிள்ள" என்றார் நைனா.

"இருக்கட்டுங்க. நிக்கிறேன்."

எங்கள் பக்கம், பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர் உட்காரவில்லை என்றால் அந்த வீட்டில் கை நனைக்க மனமில்லை என்று பொருள். சம்பந்தம் வேண்டாம் என்பதை வாயால் சொல்லாமல் சொல்வது. இவரோ என்னைப் பார்ப்பதற்கு முன்பே நின்றார். "இன்னாடா, உக்காரேன்" என்று அவருடைய அம்மா அதட்டிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "புடிக்கலன்னா சொல்லிட்டுப் போவலாம். இப்பிடி நின்னு அவமானப்படுத்த வேணாம்" என்றார். தாய்மாமன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மா பதறிப்போய்க் காபித் தட்டை என் கையில் திணித்துக் கூடத்துக்குத் தள்ளினாள்.

தலை குனிந்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல, கால்களை. சாம்பல் நிற டெரிலின், நடுநடுவே மெல்லிய கோடு. முழங்கால் கொஞ்சம் மடங்கப் பார்த்தது, பயந்து மறுபடி நிமிர்ந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, சைக்கிள் உட்பட.

அந்த இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. திறக்காவிட்டால் அவர்கள் வண்டி ஏறிவிடுவார்கள்.

"நைனா, அவர் மேல கோவப்படாத. அவரால உக்கார முடியாது. அது நம்ம கடைத் துணி."

நைனா குனிந்து பேண்ட்டைப் பார்த்தார். தன் சரக்கு அவருக்குத் தெரியாதா?

"நம்ம கடையிலயா எடுத்தீங்க?" என்றார், குரல் இறங்கி.

"ஆமாங்க. கசங்காதுன்னு சொன்னீங்க" என்றார் மாப்பிள்ளை. "பொண்ணு பாக்கத்தான் தைச்சேன். இப்ப இதாங்க பேஷன்னாரு தையக்காரரு."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கூடத்தில் அப்போது கசங்காமல் இருந்தது அந்தப் பேண்ட் ஒன்றுதான்.

முதலில் சிரித்தது அவருடைய அம்மா. "அதான் வண்டியில ஏறுடான்னா ஏறாம வந்தியா?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நைனா உள்ளே போய்த் தன்னுடைய வெளுத்த மல்லு வேட்டியைக் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். தாய்மாமன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்கும் எப்பிடி வேர்க்குது பாரு. அவளும் நூல் பொடவ மாத்திக்கினு வரட்டும்" என்றாள் அவருடைய அம்மா. அந்த ஒரு வார்த்தைக்காக என் மாமியாருக்குக் கடைசிவரை நான் நன்றியோடுதான் இருந்தேன். வேறு பல வார்த்தைகளுக்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

அதற்காக நைனா டெரிலின் விற்பதை விட்டுவிடவில்லை. துணியைக் கசக்கிக் காட்டிவிட்டு, "உக்கார எடம் உட்டுத் தைக்கச் சொல்லுங்க" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். சுவரில் அந்தப் படத்து ஆண் நின்றுகொண்டேதான் இருந்தான்.

அன்றைக்கு நான் நூல் புடவையில் திரும்பி வந்தபோது, மாப்பிள்ளை வேட்டியோடு வந்து பாயில் சம்மணம் போட்டிருந்தார். கையில் பஜ்ஜி. தாய்மாமன் முறைப்படி கேட்டார்: "இன்னாப்பா, பொண்ணு புடிச்சிருக்குதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் உக்காந்துட்டனே" என்றார்.