மைக்ரான் அறுத்த மாத்திரை

பட்டறைக்குக் கிளம்பும் முன், சமையல் மேடையில் ஒரு மாத்திரையை நிறுத்திப் பிளேடால் அறுப்பார். இரண்டு பாதியையும் இரும்பை அளக்கும் வெர்னியரில் பிடித்துப் பார்ப்பார். ஒன்று துளி தடித்திருந்தால் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு.

இரும்பு கடையும் லேத் பட்டறைத் தெருவில், மயிரிழைகூடப் பிசகாத அளவுக்காக அவருக்கு மைக்ரான் என்று பெயர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இன்று எஞ்சினியர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் நிற்கிறார்கள். “படிச்சவன் கோடுதான் போடுவான். உசிரு குடுக்கறது இந்தக் கை” என்பார். பொய்யில்லை. மூன்று லேத்தும் மாடி வீடும் அந்தக் கை சம்பாதித்தவை. யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை.

மாத்திரை மகளுக்கு. பதினொரு வயது. ஒரு வாரம் தூக்கமே இல்லாமல் பேசித் தள்ளுவாள். மறு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். நடுவில் எதிலும் புத்தி நிலைக்காது. டாக்டர் இரண்டு கோளாறு என்றார். முதலில் மனம் ஏறி இறங்காமல் பிடிக்க ஒரு மருந்து. அது பிடித்து நான்கு மாதம் ஆன பிறகே, கவனத்துக்கு இரண்டாவது.

“முதுகுல ரெண்டு வச்சா சரியாயிடும் மாமா” என்றான் மைத்துனன்.

“உனக்கு வைக்கட்டுமா? சரியாவறியான்னு பாப்போம்.”

அவன் அப்புறம் வாசல் மிதிக்கவில்லை.

இரண்டாவது மாத்திரை பெரிது. அவள் தொண்டையில் நின்றது. “டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்களேன்” என்றாள் மனைவி.

“இரும்பையே அளவு பிசகாம அறுக்கறவன், இதுக்கு ஒருத்தனைப் போய்க் கேக்கணுமா?”

மூன்று வாரம் இரண்டு பாதியையும் அடுத்தடுத்துக் கொடுத்தார். காலையில் பிள்ளைக்குக் கை நடுங்கிற்று, நெஞ்சு படபடத்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் வடிந்து அழுகை, ரகளை. “மருந்து குடுக்கறீங்களா, இல்லையா?” என்று பள்ளியில் அவரை நிற்கவைத்துக் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து இன்னும் துல்லியமாக அறுத்தார்.

கடைசியில் அவர் கொண்டுபோய்க் காட்டிய பாதி மாத்திரையைப் பார்த்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும்னு செஞ்சது இது. வெட்டினா மொத்தமும் ஒரேயடியா இறங்கிடும். டப்பாக்குள்ள காகிதத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா?”

முழுங்க முடியாத பிள்ளைகளுக்கென்று வேறு வகை எழுதிக் கொடுத்தார்.

தெருவெல்லாம் கொதித்துக்கொண்டு நடந்தார். பிள்ளையின் நோயைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து. மாத்திரையைப் பற்றி ஒருவன் வாய் திறக்கவில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்த கடைக்காரன் மேல் எரிந்தது. எறும்புக்கால் எழுத்தில் அச்சடித்தவன் மேல் எரிந்தது. எண்களைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராததை முப்பது வருடம் மறைத்து, எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிய தன் மேல் அதைவிட எரிந்தது.

மருந்துக்கடையில் சாயங்காலக் கூட்டம். கடைப்பெண் புது டப்பாவை நீட்டினாள். அவர் அங்கேயே பிரித்து, உள்ளே மடித்திருந்த காகிதத்தை மேசைமேல் விரித்தார்.

“பின்னால ஆளுங்க நிக்கறாங்க அண்ணே.”

“நிக்கட்டும். எனக்குப் படிக்க வராதும்மா” என்றார், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. கருத்த விரலை முதல் வரியின்மேல் ஊன்றினார். “இங்கேருந்து படி.”