படியில் வைத்த எண்ணெய்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. விழிதியூரில் எங்கள் வீட்டார் எல்லோரும் கோயில் குளம் என்று போகிறவர்கள். நான் ஒருத்தன்தான் வாசலில் செருப்புகளுக்குக் காவல் நிற்பேன். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கோவில்பத்து வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, "வழித்துணை ஆண்டவரே, இந்தக் காயத்தின் மேல் உம்முடைய கையை வையும்" என்று உருகினால், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் அந்த யோசனை வரவில்லை.

விஷயம் ஒன்றுமில்லை, அது ஒரு விளையாட்டு. பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுவது. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் கதையை நடத்துவார். மலை, காடு, பூதம், கோட்டை எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மண்டபத்தூர் நண்பர், கூலிக்குச் சண்டை போடும் ஒரு பட்டாளத்துக்குத் தலைவன். கூலிப்படை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது, அக்கம்பக்கத்தில் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் அந்தப் பட்டாளத்தோடு ஊர் ஊராக அலையும் பூசாரி. வாள் கிடையாது. ஒரு தடி, ஒரு எண்ணெய்ச் சிமிழ், வாய் நிறைய ஜெபம். எவன் வெட்டுப்பட்டு விழுந்தாலும் ஓடிப்போய்க் குணமாக்க வேண்டும்.

எங்கள் மேஜைக்கென்று சட்டம் உண்டு. "ஜெபிக்கிறேன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் பகடையை எடுக்கக் கூடாது. ஜெபத்தை முழுசாக, உரக்க, சொந்த வாயால் சொல்ல வேண்டும். வங்கி நண்பர் இதில் ரொம்பக் கறார். அதன் பிறகுதான் இருபது முகப் பகடை உருளும். பெரிய எண் விழுந்தால் ஆள் எழுந்துவிடுவான். சின்ன எண் விழுந்தால் ஆண்டவர் காது கொடுக்கவில்லை என்று அர்த்தம். விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டுகிற பேச்சே கிடையாது.

கீழே வீட்டுக்காரம்மா. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். மகன் பிரான்சில் இருக்கிறான். இவர் தனியாக இருந்துகொண்டு ரவிக்கை தைக்கிறார். கால்மெஷின் சத்தம் நாள் முழுக்க மாடிக்குக் கேட்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகும் தைப்பார், தச்சாத்தான் பொழுது போவுது என்பார். நான் ஜெபம் சொல்லத் தொடங்கினால் மெஷின் நின்றுவிடும். இதை நான் வெகுநாளாகக் கவனித்தேன். நம் கத்தலில் எரிச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக் குரலைக்கூடக் குறைத்துப் பார்த்தேன். சட்டம் விடவில்லை.

மாடிப்படியின் மேல்படியில், கதவை ஒட்டி, ஞாயிறானால் ஒரு சின்ன தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் இருக்காது. யாரோ வைத்துவிட்டு மறந்திருப்பார்கள் என்று காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா கேட்டருகில் நிறுத்தினார். வலது காலில் வெள்ளைத் துணிக் கட்டு. சர்க்கரைப் புண் என்று தெரியும்.

"தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒங்க ஜெபத்துல எண்ணெய வச்சு எடுத்துத்தான் போட்டுக்கிட்டு வர்றேன். வலி சுத்தமா இல்ல தம்பி."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், படியில் நான் காலால் தள்ளிவிட்ட பாட்டில் ஞாபகம் வந்தது.

"டாக்டரு விரல எடுக்கணுங்கறாரு. விட்டா பாதமே போயிடுமாம். நான் வரலன்னுட்டேன். வீட்டு மாடியிலயே குணமாக்குற ஜெபம் நடக்குது, எனக்கு எதுக்குக் கத்தி?"

"அம்மா, அது ஜெபமில்லம்மா, நாங்க வெளையாடுறோம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல ஊழியக்காரங்க யாரு தம்பி தன்னப் பத்திப் பெருமையா சொல்லிக்குவாங்க? ஒங்க கூட்டாளி 'எழுந்துட்டேன், எழுந்துட்டேன்'னு கத்துனத நான் கேட்டேனே!"

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் எதைத் தொட்டாலும் அந்தக் கட்டுதான் கண்ணில் நின்றது. வீட்டுக்கு வந்தால் காது கீழேயே கிடக்கும். மெஷின் சத்தம் மாறியிருந்தது. இரண்டு காலால் மிதிக்கிறவர் இப்போது ஒரு காலால் மிதிக்கிறார். ஓடும், நிற்கும், தயங்கித் தயங்கி ஓடும். நின்றால் நான் படியில் பாதி இறங்கிவிடுவேன். பிரான்சுக்குப் போன் போட்டு மகனிடம் சொல்லலாமென்றால் நம்பர் தெரியாது. அவரிடமே கேட்டால் தருவாரா?

நண்பர்களிடம் சொன்னேன். மண்டபத்தூர்க்காரர்தான் வழி சொன்னார். "இந்த வாரம் எனக்குக் கால்ல காயம் பட்டதா வச்சுக்குவம். நீ ஜெபம் பண்ணு, ஆறாம போவட்டும். 'இது நம்ம கையில இல்ல, வைத்தியர்ட்ட போ'ன்னு பூசாரியே சொல்லிடட்டும். அந்தம்மா காதுல விழுந்தா போதும்."

"பகடை?" என்றார் வங்கி நண்பர்.

"அட, அதயும் உருட்டுவம்யா. விஷ அம்பு. இருபது விழுந்தாத்தான் ஆறும். விழுந்துருமா என்ன?"

ஞாயிறு வந்தது. படியில் எண்ணெய் வந்து உட்கார்ந்தது. நான் ஜெபம் சொன்னேன். கீழே மெஷின் நின்றது. "வழித்துணை ஆண்டவரே, இந்தக் காலை" என்று கீழே கேட்கிற மாதிரி அழுத்திச் சொன்னேன். பகடையை உருட்டினேன்.

இருபது.

மண்டபத்தூர்க்காரர் எல்லாவற்றையும் மறந்து நாற்காலியிலிருந்து குதித்தார். "எழுந்துட்டேன்டா! காலு வந்துருச்சுடா!"

படிக்கட்டிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "மரியே வாழ்க!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பாழாய்ப்போன பகடை! அதையே கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா மேல்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பாட்டில். அந்தக் காலோடு வாராவாரம் எப்படித்தான் ஏறி வந்தாரோ.

"இதப் பாருங்கம்மா" என்று பகடையை நீட்டினேன்.

"இது என்ன தம்பி, தாயக்கட்டையா?"

"அது மாதிரிதான். இதுல என்ன நம்பர் விழுதோ, அதான் குணம். இப்ப இருபது விழுந்துச்சு. ஒண்ணு விழுந்திருந்தா அந்த ஆளு செத்திருப்பான். எல்லாம் கதைம்மா. எனக்கு சாமி நம்பிக்கையே கிடையாது. சத்தியமா கிடையாது."

பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அப்ப என் காலு வலிக்காம இருந்துச்சே, அது?"

"சர்க்கரையில உணர்ச்சி செத்துப்போயிடும்மா. அதான் வலி தெரியல. அது நல்லதுக்கில்லம்மா. ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன்."

பகடையை என் கையில் திணித்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டார். கதவு சாத்திய பிறகு மெஷின் ஓடவே இல்லை. அவருடைய நம்பிக்கையையும் பிடுங்கி, காலையும் காப்பாற்ற முடியாமல் போனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் குடியிருப்பது?

மறுநாள் காலை கேட்டருகே ஒரு பையோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆட்டோ கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். மறுநாளே ஆபரேஷன். தியேட்டர் வாசலில் அவருடைய செருப்பை நர்ஸ் என்னிடம் கொடுத்தார். தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அந்த ஜெபத்தச் சொல்லுங்க."

"அம்மா, நான்தான் சொன்னேனே..."

"சொன்னீங்க. நான் ஒண்ணும் செவிடு இல்ல. எனக்கு பயமா இருக்கு. சொல்லுங்க."

வண்டி தள்ளுகிறவர் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் செருப்போடு சொன்னேன், முழுசாக, உரக்க. "ஆமென்" என்றார் அவர். கதவு மூடியது.

பழக்கதோஷத்தில் என் வலது கை சட்டைப்பையைத் துழாவியது. பகடை மாடியில் மேஜை மேல் கிடந்தது.

விரலோடு போயிற்று, பாதத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொல்லும் வரைக்கும் செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த வாசலிலேயே நின்றேன். அதுவரை அந்த ஜெபத்தை எத்தனை தடவை முணுமுணுத்தேன் என்று எனக்கே தெரியாது. உருட்டிப் பார்க்க வழியில்லை. வேறு என்ன செய்வது?