உண்ணாமலை அக்காவின் குனியாத தோட்டம்

கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டில் இருந்தபோது சேதி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் நின்று, "பச்சையம்மாக்கா, உங்க ஓரகத்தி போயிட்டாங்களாம்" என்றார்.

"எங்க போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு உண்ணாமலை அக்கா வாசற்படி இறங்குவதற்கே ஒரு ஆள் வேண்டும். கண்டக்டர் தலையைத் தொங்கப்போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி. அடி அண்ணாமலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்க அவருடைய காய்கறித் தோட்டம். கத்திரி, வெண்டை, கொத்தவரை, தக்காளி, கீரை என்று ஒரு சாண் மண்ணைச் சும்மா விடமாட்டார். தெருவுக்கெல்லாம் பிஞ்சு வெண்டை கொடுப்பார். எனக்கு மட்டும் முற்றியதைப் பொறுக்கிக் கொடுப்பார். கேட்டால், "உனக்குத்தான் பல்லு நல்லா இருக்குதே" என்பார். இதை நான் இன்னும் மறக்கவில்லை.

எமர்ஜென்சி சமயத்தில் பெரிய சண்டை ஒன்று வந்தது. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அக்கா தோட்டத்துப் பிஞ்சை நானும் மடக்கித்தான் காட்டினேன். பிஞ்சு வெம்பி விழுந்தது.

"நீ நீட்டின. என் கண்ணால பார்த்தேன்" என்றார் அக்கா.

"மடக்கினேன் அக்கா. மாரியம்மன் மேல சத்தியம்."

"அம்மனை ஏண்டி காய்கறிக்கு இழுக்கிற?"

அதோடு பேச்சு நின்றது. கிணற்றடியில் இரண்டு பேரும் குடத்தோடுதான் பேசினோம். "குடமே, கொஞ்சம் நகந்து நில்லு" என்பார் அவர். "குடமே, அவசரம்னா முன்னாடியே வரணும்" என்பேன் நான். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதுதான் மறுபடி வாய் திறந்தோம். இன்றைக்கும் சொல்கிறேன், நான் மடக்கித்தான் காட்டினேன்.

அப்புறம் அக்காவுக்கு முட்டி வீங்க ஆரம்பித்தது. விரல் கணுக்களும் வீங்கின. டாக்டர், "கீழ உக்காராதீங்க, குனியாதீங்க, ரெஸ்டு எடுங்க" என்று சொல்லி அனுப்பினார். அக்கா அந்த ரெஸ்டைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை, பாத்திகளுக்குக் கொடுத்துவிட்டார். முதலில் கீரைப் பாத்தி. "இன்னா அக்கா, கீரை போடலையா?" என்றால், "அதுக்கு இந்த வருசம் ரெஸ்டு" என்பார். அடுத்து வெண்டைக்கு ரெஸ்டு. அப்புறம் தக்காளிக்கு. முடியவில்லை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவேயில்லை.

காலி மண்ணைப் பார்த்ததும் அவருடைய மகன் சேகருக்குக் கை அரித்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் ஜனம் ஜாஸ்தியாகிவிட்ட காலம் அது. "சும்மா கெடக்குற எடம்தானேம்மா, சைக்கிள் ஸ்டாண்டு போட்டுடலாம்" என்றான். அக்காவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மண் காலியாகக் கிடந்தால் தோட்டம் போய்விடும், குனிந்து பயிர் வைக்க உடம்பு இடம் தராது.

மறுநாள் நின்ற நிலையிலேயே கம்பால் நாலு குழி குத்தி, பூசணி விதைகளை மேலிருந்தே நழுவவிட்டுக் காலால் மண் தள்ளினார். கிணற்றோரம் ஆள் உயரப் பந்தல் போட்டுப் புடலையும் பாகலும் ஏற்றினார். பறிக்கக் குனிய வேண்டாம், காய் முகத்துக்கு நேரே வந்து தொங்கும். பூசணிக் கொடி ரெஸ்டில் இருந்த பாத்திகளையெல்லாம் மூடிவிட்டது. ஒரு சைக்கிள் சக்கரம் வைக்க இடமில்லை. சேகர் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

ஒருநாள் கம்பை ஊன்றி நின்று, "அதோ பாருடி பிஞ்சு" என்று விரலால் காட்டினார்.

"அக்கா! விரலு!"

"எங்கடி நீட்டினேன்? நல்லா பாரு. தானா மடங்கிக்கிச்சு, இனிமே நிமிரவே நிமிராது. நான் எதை வேணா காட்டலாம்." சிரித்து முடித்துவிட்டு, "நீ அன்னிக்கு நீட்டின" என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "பச்ச, கொடி வழியில ஏறிக்கிச்சு. என்னால குனிய முடியலடி. நீ வந்து குனி."

முடியவில்லை என்ற சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். ஓடிப்போய்க் குனிந்து கொடியைத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம் குனிடி."

"போதும் அக்கா, கொடி திரும்பிடுச்சு."

"கொடிக்கு இல்லடி. இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் எனக்கு முன்னாடி குனிஞ்சிருக்க. கொஞ்சம் பார்த்துக்கிறேன்."

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எடுக்கும் நேரம். முகம் பார்த்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, வழக்கப்படி பெண்களெல்லாம் கிணற்றடியில் தலை முழுகினோம். அவர் காய் தின்ற தெரு முழுக்க வந்திருந்தது. ஆளுக்கொரு வாளி இறைத்து ஊற்ற ஊற்ற, தண்ணீர் கல்லைத் தாண்டி வாசல் பக்கம் ஓடியது. ஈரப் புடவையோடு மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை வெட்டிப் பூசணிப் பக்கம் திருப்பிவிட்டேன். சுடுகாட்டிலிருந்து திரும்பிய சேகர் கணுக்கால் வரை சேற்றில் இறங்கி நின்று, "இன்னா சித்தி இது?" என்றான். "உங்கம்மா தோட்டம்" என்றேன். அவன் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டான்.

போய் வாருங்கள் அக்கா. இந்தப் போகம் காய்த்து முடியும் வரை நான் குனிகிறேன். அடுத்த போகத்துக்கு இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன், என் முட்டியும் கொஞ்சம் சத்தம் போடுகிறது.