மூணு என்று சொன்னவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊரில் யாருக்காவது காற்று கருப்பு பட்டுவிட்டது என்று சொன்னால், பி.பி. பார்த்தீர்களா என்று முதலில் கேட்கிற ஆள் நான்தான், அதற்காகவே இரண்டு வீட்டில் என்னோடு பேச்சு கிடையாது. மெக்கானிக்கல் படித்தவன், காற்று எந்தத் திசை, கடலில் ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

என் தொழிலைச் சொன்னால்தான் நடந்தது புரியும். உத்திரமேரூர் பக்கத்து ஏரிகளில் ரப்பர் தவளையைக் கட்டி விரால் பிடித்துப் பழகியவன் நான், அந்தப் பைத்தியம் முற்றிப்போய்க் கடல் வரைக்கும் போய்விட்டேன், எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம், பாலாறு கடலில் சேருகிற கழிமுகம். சனி ஞாயிறுகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மீன் பிடிக்க வைப்பேன். ஆழ்கடல் எல்லாம் இல்லை, கரையோரம்தான், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், சுண்டுவிரல் தடிமனில் ஒரு ராடு, தையல் நூல் மாதிரி ஒரு லைன், மீன் குஞ்சு மாதிரியே செய்த பிளாஸ்டிக் லூர். பிடித்த மீனை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். "புடிச்ச மீன வுட்டுட்டு வர்றதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம் போய்க்கினு வர்றே?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

தண்ணீரில் நடக்கும்போது ஒரு முறை உண்டு. நான் முன்னால் போவேன், கையில் மூங்கில் கம்பு, குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே. வருகிறவர்கள் வரிசையாக என் தடத்திலேயே, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே வர வேண்டும், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போகட்டும் என்று. நேற்று மணல் இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும், அதனால் நான் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது. இருபது அடிக்கு ஒரு தடவை "கணக்கு" என்று குரல் கொடுப்பேன். எனக்கு அடுத்து வருபவர் "ஒண்ணு" என்பார், அவருக்குப் பின்னால் வருபவர் "ரெண்டு". அவ்வளவுதான். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டே பேர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். தணிகாசலம் அண்ணன் ஏரிப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நெல் வைத்திருப்பவர், ஐம்பது வயது, ஏரியில் விரால் பிடிக்கும்போது பழக்கம். கூட அவருடைய மச்சான் சேகர், செங்கல்பட்டில் வேலை, நீச்சல் தெரியாது. தை மாதம், பனி. படகோட்டி பாஸ்கர் அண்ணன் விடிந்தும் விடியாத நேரத்தில் எங்களைக் கழிமுகத்தின் உள் மணல் திட்டில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று நண்டு வலை தூக்கப் போய்விட்டார். எங்கள் போன்கள் எல்லாம் படகில் பைக்குள் இருந்தன, அதற்கு முந்தின மாதம்தான் என் போன் ஒன்று உப்புத் தண்ணீரில் போயிருந்தது. சேகர் லைஃப் ஜாக்கெட்டையும் படகிலேயே கழற்றிப் போட்டுவிட்டார், கக்கத்தில் அறுக்கிறதாம். முழங்கால் தண்ணீர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு, அதை யார் மேலேயும் போட மாட்டேன்.

உள் திட்டுக்கும் நாங்கள் மீன் பிடிக்கப் போகும் வெளித் திட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, முந்நூறு அடி அகலம் இருக்கும். அதன் ஒரு பக்கம் போகப் போக ஆழம், அப்படியே முகத்துவாரம், அதற்கு மேல் கடல். போகும்போது தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. சேகர் தயங்கித் தயங்கி வந்தார்.

"இன்னா மச்சான், ஏரில எருமையாட்டம் எறங்குவே, இங்க பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நிக்கிற?" என்றார் தணிகாசலம்.

"ஏரில அல இல்ல மாமா. நீ முன்னால போ, நான் உன் பின்னாலயே வர்றேன்."

எட்டு மணிக்கெல்லாம் திரும்ப ஓடையைக் கடந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீர் ஏறும். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேகரின் ராடு வளைந்தது. கொடுவா. தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியதைப் பார்த்ததும் எனக்கு மணி, ஏற்றம், ஓடை எல்லாம் மறந்துபோய்விட்டது. அந்த மெல்லிய லைனில் இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், ஓடவிட்டு ஓடவிட்டு வாங்க வேண்டும், அரை மணி நேரம் ஆனது. கழுத்தில் மாட்டியிருந்த தண்ணீர் புகாத சின்னக் கேமராவில் போட்டோ எடுத்து, மீனைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அது வாலை அசைத்துப் போனதற்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. வெயில் வந்தால் கலைய வேண்டிய பனி, வெயில் வந்ததும் இன்னும் இறுகிப்போய் வெள்ளையாக நிற்கிறது. என் கம்பின் நுனி எனக்குத் தெரியவில்லை. அலைச் சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. வெளித் திட்டிலேயே நிற்கவும் முடியாது, ஏற்றத்தில் அது முழுகிப் போகும்.

இறங்கினோம். தண்ணீர் அதற்குள் தொடைக்கு வந்துவிட்டது.

"கணக்கு."

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

சேகர்தான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. "அண்ணே, இது வெளையாட்ற எடம் இல்ல" என்றேன்.

"நானா? நீ சொன்னேன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் சேகர்.

இன்னும் இருபது அடி. கணக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தியமாகச் சொல்கிறேன், அது பேய்க் குரல் மாதிரியெல்லாம் இல்லை. நூறு நாள் வேலையில் பெயர் கூப்பிடும்போது கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒருவர் அலுப்பாகக் குரல் கொடுப்பாரே, அந்த மாதிரி, களைத்துப்போன சாதாரண ஆம்பளைக் குரல். சேகருக்குப் பின்னால் பத்தடியில் இருந்து வந்தது.

"யாருங்க அது? இந்தப் பக்கம் வாங்க, கையப் புடிச்சிக்கலாம்" என்று கத்தினேன். பதில் இல்லை. தணிகாசலம் அண்ணனும் கூப்பிட்டார், "யாருப்பா, வலக்காரரா?" பதில் இல்லை. கணக்கு என்றால் மட்டும்தான் வந்தது, ஒவ்வொரு தடவையும், அதே பத்தடியில்.

அப்போதும் நான் வேறு எதுவும் நினைக்கவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். யாரோ பனியில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு எங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார், அப்படியென்றால் அவரும் என் பொறுப்புதான், நின்று கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். நின்றேன். நான் நின்றதும் தணிகாசலம் நின்றார், சேகர் நின்றார், அவர்கள் காலடியில் தண்ணீர் சளசளப்பதும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் எனக்குப் பின்னால் இரண்டு பேர் நடக்கிற சத்தம்தான் கேட்டிருக்கிறது.

தண்ணீர் எனக்கு இடுப்பு, குள்ளமான சேகருக்கு மார்பு. அடுத்து கம்பைக் குத்தினேன், தரை தட்டவில்லை. இடது பக்கம் குத்தினேன், இல்லை. எந்தப் பக்கம் முகத்துவாரம், எந்தப் பக்கம் உள் திட்டு, எனக்குத் தெரியவில்லை. என்னை நம்பி வந்த மனிதர் பின்னால் நிற்கிறார், மார்புத் தண்ணீரில், நீச்சல் தெரியாமல். "தம்பி, எனக்குக் காலு நிக்கல" என்றார் சேகர், மெதுவாகத்தான் சொன்னார். வாய்க்கு வேறு எதுவும் வராமல் பழக்கத்தில் "கணக்கு" என்றேன்.

ஒண்ணு பின்னால் இருந்து வந்தது. ரெண்டு பின்னால் இருந்து வந்தது. மூணு எனக்கு முன்னால், வலது பக்கமாக, கம்பு எட்டுகிற தூரத்தில்.

அந்தப் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். காரணம் எதுவும் கிடையாது. சேகரின் சட்டைக் காலரை ஒரு கையில் பிடித்தேன், தணிகாசலம் அண்ணன் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார், குரல் வந்த பக்கத்துக்கு நேர் எதிராக நடந்தோம். கணக்கு கேட்கவில்லை. நாற்பது அடி இருக்கும், மணல் ஏறியது, இடுப்பு, தொடை, முழங்கால், கரை. உள் திட்டுதான். அந்தக் குரல் எங்களை ஆழத்துக்குக் கூப்பிட்டதா, அல்லது ஆழத்துக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றதா, இதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம். சேகர் மணலைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீருக்குள் இருந்து, அதே அலுப்பான குரல் கேட்டது.

"கணக்கு."

காலையில் இருந்து பழகிய வாய். தணிகாசலம் அண்ணன் "ஒண்ணு" என்று சொல்லிவிட்டார்.

சேகர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார், அதற்குள் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பனி கலைந்தது. பாஸ்கர் அண்ணன் சொன்னபடி ஒன்பது மணிக்குப் படகோடு வந்தார், விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை, நேராகக் குப்பத்துக்குப் போய் விசாரித்தார், பக்கத்துக் குப்பங்களிலும் விசாரித்தார். அன்று காலையில் தண்ணீரில் இறங்கிய ஆட்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். யாரும் காணாமல் போகவில்லை, எந்த உடலும் ஒதுங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பனியில் மூளை குழம்பிவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டு போயிருப்பேன். இரண்டு மாதம் கழித்துத் தணிகாசலம் அண்ணன் என்னை வயலுக்கு வரச் சொன்னார். நவரைப் பட்டத்து நெல் நன்றாக வந்திருந்தது. ஆள் மட்டும் இளைத்துப் போயிருந்தார்.

"காலைல தண்ணி திருப்ப வர்றேன் இல்ல தம்பி. அந்தக் கோடி வரப்புல இருந்து கணக்கு கேக்குது" என்றார். வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"பதில் சொல்லாதீங்கண்ணே."

"சொல்லாமத்தான் இருந்தேன். சொல்லலன்னா கிட்ட வந்து கேக்குதுப்பா. மொத நாளு கோடி வரப்பு. அடுத்த நாளு மதகு. அப்பறம் மோட்டார் ரூமுக்குப் பின்னால. வூட்டாண்ட வந்துடப் போவுதுன்னு ஒண்ணுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டா போயிடுது."

டாக்டரைப் பார்க்கலாம் என்றேன், காதில் ஏதாவது கோளாறு இருக்கும், பயம் உள்ளே தங்கிவிட்டால் இப்படி நடக்கும், படித்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மடையில் மண்வெட்டியால் மண்ணை இழுத்துவிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"போன செவ்வாக்கெழம காலைல நீ எங்க இருந்தே?"

"வூட்லதாண்ணே. தூங்கிக்கினு இருந்தேன்."

"நான் ஒண்ணுன்னு சொன்னேன். எனக்குப் பின்னால ரெண்டுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. உன் கொரலுப்பா அது."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்தது உண்மை, அம்மாவைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கண் விழித்தபோது என் தொண்டை கட்டிப் போயிருந்தது, நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கத்தியவனுக்குக் கட்டுமே, அந்த மாதிரி. அதற்கு முந்தின சனி ஞாயிறுகூட நான் எந்த ட்ரிப்புக்கும் போகவில்லை. தொண்டை கட்டியிருந்ததை அவரிடம் நான் இதுவரைக்கும் சொல்லவில்லை.