எழுத மனம் வராத கொப்பிகள்

கோப்பாய்ச் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்து அறையை 2018இல் பிரதீபா வாடகைக்கு எடுத்தபோது, மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று முதலில் சொன்னவன் நான்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில் நிரந்தர அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு எழுதும் கொப்பி விற்க வந்த பிள்ளையைப் பற்றி வேறென்ன சொல்ல? விட்ட வேலைக்குத் திரும்பிப் போக வழியில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் இந்தக் கடை ஒன்றுதான்.

என் வாக்குப் பொய்த்தது. மட்டைப் படங்களை அவளே வரைந்தாள். கிணற்றுக்கட்டில் ஒரு வாளி, மதிலில் சாய்ந்த சைக்கிள், நீர்வேலி வாழைக்குலை. உள்ளே இளமஞ்சள் தாள், நூல் தையல். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாது. அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டுக் கொப்பிகளில் வாழைக்குலையின் நிறம் சரியில்லை என்று முழுவதையும் திருப்பி அனுப்பினாள். எனக்குக் கோபம் வந்தது.

"பச்சை எண்டால் பச்சைதானே பிள்ளை?"

"இல்லை அண்ணை, உது ஊத்தைப் பச்சை," என்றாள்.

ஒன்றரை வருடத்தில் வட்டுக்கோட்டையிலிருந்தெல்லாம் சனம் பஸ் ஏறி வந்தது. பிறந்தநாளுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் அவளுடைய கொப்பிதான். கனடாவிலிருந்து வந்தவர்கள் பத்துப் பத்தாகக் கொண்டுபோனார்கள். அவள் கடைக்கு வந்த கூட்டம் என் வாசலை மறைக்கிறதென்று முணுமுணுத்தாலும், உள்ளூர எனக்குப் பெருமை. 2022இல் தாள் கிடைக்காமல் நாடே திண்டாடியபோது நான் மெஷினைத் துணி போட்டு மூடினேன். அவள் பழைய கட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்றுத் தப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வியாபாரம் படுத்தது. ஒருமுறை வாங்கியவர்கள் திரும்பி வரவில்லை. புதுப் படங்கள் வரைந்து பார்த்தாள். வந்தவர்கள் "என்ன வடிவு!" என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்ரை கொப்பியிலை என்ன பிழை அண்ணை?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல!

விடை நீர்வேலியில் இருந்தது. அவளுடைய முதல் வாடிக்கையாளரான கனகாம்பிகை ரீச்சர் புது வீட்டுக்குக் குடிபுகுந்தபோது நாங்கள் இருவரும் போயிருந்தோம். விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில், விருந்தாளிகளுக்கென்று வைத்த கோப்பைகளுக்குப் பக்கத்தில், பிரதீபாவின் கொப்பிகள் பதினொன்று பொலித்தீன் உறையோடு நின்றன.

"ஒண்டிலையும் ஒரு பொட்டு மை படேல்லை பிள்ளை," என்றார் ரீச்சர் பூரிப்போடு. "உதிலை எழுத மனம் வருமே?"

பாடக்குறிப்பு எழுதுவதற்குச் சந்தையில் மலிவுக் கொப்பி வாங்குகிறாராம். பிரதீபா அங்கே சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள்.

பிறகு விசாரித்தால் வீட்டுக்கு வீடு இதே கதை. ஒரு கொப்பி எழுதி முடிந்தால்தானே அடுத்தது வேண்டும்? எங்கள் சனத்தைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தைத் தாண்டிய கடையை, பத்திரப்படுத்தியே படுக்க வைத்துவிட்டோம். என் வீட்டு அலுமாரியிலும் மூன்று கிடந்தன, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"மலிவாயும் கொஞ்சம் போடன் பிள்ளை," என்றேன்.

"அது எல்லாக் கடையிலையும் கிடக்குதே அண்ணை. அதுக்கு நான் என்னத்துக்கு?"

2024 ஆவணியில் கடையை மூட முடிவெடுத்தாள். கடைசிக் கிழமை வாசலில் மேசை போட்டு, மிச்சக் கொப்பிகளை எல்லாம் சும்மா தருவதாக அறிவித்தாள். ஒரே நிபந்தனை: முதல் பக்கத்தை அவள் கண்முன்னே எழுதிவிட்டுத்தான் எடுத்துப்போகலாம். சனம் திணறிப்போனது. பேனையைப் பிடித்தபடி நின்று யோசித்து, கொப்பியை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எனக்கு என் பெயரை எழுதவே ஐந்து நிமிடம் எடுத்தது.

கடைசிக் கொப்பி கனகாம்பிகை ரீச்சருக்குக் கிடைத்தது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவர், பேனை மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். பெயரைப் பாதி எழுதி, பிழைவிட்டு, வெட்டினார். இனிப் பழுதாகிவிட்டதுதானே என்று நினைத்தாரோ என்னவோ, சந்தையில் வாங்க வேண்டிய சாமான்களையெல்லாம் விறுவிறுவென்று எழுதினார். பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கத்துக்கும் போனார்.

நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"எழுத எவ்வளவு சுகமாய்க் கிடக்கு பிள்ளை! இது கெதியிலை முடிஞ்சிடும். எனக்கு இன்னொண்டு தா."

ஆறு வருடமாகப் பிரதீபா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. பழக்கத்தில் அவள் கை பின்னால் கொப்பி அடுக்கும் தட்டை நோக்கிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"முடிஞ்சுது ரீச்சர்," என்றாள்.